எண்ணெய்ச்சட்டி இல்லாத படையல்

மச்சான்,

இன்று காலை உன் எயார் பிரையர் பெட்டியை மேசையில் வைத்துச் சூடேற விட்டேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க மிளகாய்ப் புகை. இருமி இருமிக் கண்ணால் தண்ணீர் வடிந்தது. பெட்டியை நிறுத்திக் கூடையை இழுத்துப் பார்த்தால், மூலையில் மிளகாய் விதைகள் கருகிக் கிடந்தன. எத்தனை தரம் கழுவினாலும் எங்கேயோ ஒளிந்திருந்து வருகின்றன. எல்லாம் நீ வைத்த விதைகள். இருமல் அடங்குவதற்கு முன்பே உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். ஆறவிட்டால் கோபம் குறைந்துபோகும்.

நான் எழுதுகிறேன் என்பதை நீ நம்பமாட்டாய். பொதுநோக்கு மண்டபத்தில் வயது போனவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார்கள் என்று சொல்லி, உன்னையும் துணைக்குக் கூப்பிட்டேன். நீ ஓரளவு படித்தவன், சும்மா வந்து பக்கத்தில் இருந்தாலே போதும் என்றேன். நீ என்ன சொன்னாய்? "இனி என்னத்துக்கடா படிப்பு? சுடலைக்குப் போற வழியில பலகை வாசிக்கவோ?" வாய்க்கால் கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய். இப்போது பார், ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டேன். எழுத்து ஒவ்வொன்றும் மாடு திரும்புகிற மாதிரி மெதுவாகத்தான் திரும்புகிறது. ஆனாலும் திரும்புகிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோசம். வாசிக்க நீ இல்லை என்று நினைத்தவுடன் அந்தச் சந்தோசமும் கோபமாகப் போய்விடுகிறது.

கிளினிக் நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். நீயும் நானும் உருத்திரபுரத்தில் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போவோம். அந்த டொக்டர் பிள்ளை உனக்கு எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள். "ஐயா, பொரிச்ச சாமான் வேண்டாம். இதயத்துக்குப் போற குழாய் அடைச்சுக்கொண்டு வருது." நீ தலையை ஆட்டி ஆட்டி, "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்பாய். மருந்துப் பையைக் கையில் வாங்கியவுடன் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடைக்குள் நுழைவாய். வடைத் தட்டத்தை உன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "மருந்தைச் சும்மா விழுங்கக்கூடாது மச்சான். அதுக்கும் ஒரு வேலை குடுக்கவேணும்" என்பாய். கடைக்காரர் சிரிப்பார். பக்கத்து மேசைக்காரரும் சிரிப்பார்கள். ஒரு ஊரே சேர்ந்து சிரித்தால் மனிதனுக்குச் சாகக்கூடப் பயம் வராது போலிருக்கிறது.

பிரான்சில் இருக்கிற உன் மகள், அப்பா பொரியல் இல்லாமல் இருக்கமாட்டார் என்று தெரிந்துதான், கொழும்புக் கடையொன்றுக்குச் சொல்லி இந்தப் பெட்டியை அனுப்பினாள். நீ அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். "எண்ணெய் இல்லாமல் பொரிக்குமாம். தண்ணி இல்லாமல் வயல் விதைக்கிற கதையடா இது" என்றாய். பிறகு கீழ்க்கூடையை இழுத்துத் தள்ளிப் பார்த்தாய். உன் முகம் மலர்ந்தது. "அடேய், இதுக்குள்ள எலி பூராது." அன்றிலிருந்து அது உன் மிளகாய் விதைப் பெட்டி. அதோடு வந்த சிறு புத்தகத்தின் தாள்களையும் கிழித்து விதை சுற்றினாய். மகள் தொலைபேசியில் கேட்கும்போது, "ஓம் மகள், ஒவ்வொரு நாளும் அதுக்குள்ள இருந்து எடுத்துத்தான் வேலை" என்பாய். அவளும் நம்பினாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம் பொரித்த மீனோடு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் கட்டப் போனாய். மண்வெட்டியோடு வரம்பில் சாய்ந்தாய்.

அதோடு முடிந்திருந்தால் நான் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். உன் மனுசியைக் கிளினிக்கில் பார்த்துவிட்டு, அவளுக்கும் அதே சொல்லைச் சொல்லிவிட்டார்கள். பொரித்தது கூடாது, எண்ணெய் கூடாது. அவள் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டி எண்ணெய்ச்சட்டியை வைத்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கருவாடு பொரிகிற மணம் வந்தது. போய்க் கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணை, அவர் போன வழி எனக்குத் தெரிஞ்ச வழி. நானும் அதாலயே போறன்."

கேட்டாயா? நீ உன்பாட்டில் போகவில்லை. போகும்போது ஒருத்திக்கு வழியும் காட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அன்றைக்கு உன் மேல் வந்த கோபம் இன்றுவரைக்கும் இறங்கவில்லை. அவளை அந்த வழியில் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என்ன செய்வது? என் மனுசி போன பிறகு கஞ்சியும் சம்பலுமாய்க் காலம் போக்குகிறவன் நான். அந்த நேரம் உன் மனுசிதான் சொன்னாள், "அந்தப் பெட்டியைக் கொண்டு போங்கோ அண்ணை. கண்ணில காண ஏலாமல் கிடக்கு" என்று. விதைகளைக் கொட்டிவிட்டுத் தூக்கி வந்தேன்.

முதல்நாள் நடந்ததைக் கேள். மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் கூடைக்குள் போட்டு, சட்டிக்கு ஊற்றுவதுபோல அரைப் போத்தல் தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். பொரியல் என்றால் மூழ்க வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரியும். கூடை முழுக்க ஓட்டை. எண்ணெய் கீழே இறங்கிக் கொதித்து, புகை கிளம்பி, வீட்டுக் கறண்டும் நின்றுபோனது. உன் மனுசி ஓடி வந்தாள்.

"அண்ணை, வீட்டைக் கொளுத்திறியளோ?"

"பொரிக்கிறன் பிள்ளை."

"அவர் சொன்னது சரிதான். அது விதை வைக்கத்தான் வாய்க்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் அன்றுதான் கண்டேன். சிரிப்பு நல்லதுதான். ஆனால் அதிலும் நீதான் வென்றாய்.

நீ கிழித்ததுபோக மிஞ்சிய தாள்களில் தமிழ் இருந்தது. வெளியில் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினேன். கூடைக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்று போட்டிருந்தது. என் வாழ்நாளில் நானாக வாசித்து அறிந்த முதல் செய்தி அது. உரத்து இன்னொரு தரம் வாசித்தேன். எதை எவ்வளவு சூட்டில் வைப்பது என்கிற தாள் மட்டும் இல்லை. அது எந்த விதையைச் சுற்றிக்கொண்டு எந்தத் தோட்டத்துக்குப் போனதோ.

ஆகையால் பிழை விட்டு விட்டுத்தான் படித்தேன். மரவள்ளியை அரைப்பதமாக அவித்து, ஈரம் காயவிட்டு, ஒரு கரண்டி எண்ணெயில் பிரட்டிப் போட வேண்டும். கூடையை நிரப்பக்கூடாது, காற்று ஓட இடம் வேண்டும். இடையில் ஒரு தரம் இழுத்துக் குலுக்க வேண்டும். இரணைமடுக் குளத்து மீனுக்கு மஞ்சளும் தூளும் உப்பும் போட்டால் போதாது, தோலில் கொஞ்சம் எண்ணெய் தடவாவிட்டால் கூடையில் ஒட்டிக் கழன்று வராது. சரியாக வந்த அன்று பொன்னிறமாக மொறுமொறுவென்று இருந்தது. குசினியில் தனியாக நின்று சிரித்தேன். உன் தலையில் ஒரு குட்டு வைக்கவேண்டும் போலவும் இருந்தது.

ஒவ்வொன்றையும் வேலிக்கு மேலால் உன் மனுசிக்குக் கொடுத்தேன். மரவள்ளியைக் கோழிகளுக்குப் போட்டாள். மீனைத் தின்றுவிட்டு, "காய்ஞ்சு கிடக்கு" என்றாள். கத்தரிக்காயைச் சுட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்த அன்று, கோப்பை வழித்துத் துடைத்தபடி திரும்பி வந்தது. "உப்புக் கூட" என்று மட்டும் சொன்னாள். ஆனாலும் பின்னேரங்களில் அவளுடைய எண்ணெய்ச்சட்டி கொதிப்பது நிற்கவில்லை.

இப்படியிருக்க, நீ போய் ஒரு வருசமாகி உன் ஆட்டைத் திவசம் வந்தது. தர்மபுரத்திலிருந்து உன் அக்கா எண்ணெய் டின்னோடு வந்து இறங்கினா. நான் வடையைப் பெட்டியில் சுடப்போகிறேன் என்று கேள்விப்பட்டவுடன் இடுப்பில் கையை வைத்தா.

"என்ன தம்பி கதைக்கிறாய்? செத்த துடக்கு வீட்டிலதான் எண்ணெய்ச்சட்டி வைக்கிறேல்லை. ஆட்டைக்கும் வைக்காட்டி இந்த வீடு எப்ப துடக்குக் கழியிறது? ஊர் என்ன சொல்லும்?"

"அக்கா, உங்கட தம்பியைக் கொன்றதே அந்தச் சட்டிதான். கொன்ற ஆளைக் கூப்பிட்டு அவன்ர படத்துக்கு முன்னால இருத்தப் போறியளோ?"

"காத்தில சுட்ட வடையைக் காகமும் தொடாது."

"தொடாட்டி அது என்ர பாடு."

சத்தம் பெரிதானது. நடுவில் நின்ற உன் மனுசி உழுந்து கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில், "ரெண்டையும் வையுங்கோ. ஆளைவிடுங்கோ" என்றாள்.

உழுந்து வடை எனக்குச் சரிவரவில்லை. மா ஓட்டை வழியே ஒழுகியது. வாழையிலைத் துண்டை விரித்தால், வெறும் இலை காற்றில் எழும்பிச் சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகியது. பிறகு கடலைப்பருப்பை ஊறவைத்து, ஒன்றிரண்டாக அரைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து, கெட்டியாகத் தட்டி, மேலே எண்ணெயைத் தொட்டுத் தடவி வைத்தேன். அது நின்றது. ஒரு தட்டம் நிறையக் கொண்டுபோனேன்.

ஐயர் வந்தார், காரியம் முடிந்தது. உன் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். அக்காவின் வடை ஒரு பக்கம், என்னுடையது மறுபக்கம். பிறகு காகத்துக்கென்று இரண்டிலும் எடுத்து மதிலில் வைத்தோம். எல்லாரும் வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு காகம் வந்தது. தலையைச் சாய்த்து என் வடையைப் பார்த்தது. அக்காவின் வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

"பார்த்தியே தம்பி" என்றா அக்கா. சனம் சிரித்தது. நீதான் அது, எனக்குத் தெரியும். எனக்கு நெஞ்சு கொதித்தது. உன் வீட்டு முற்றத்தில், உன் உறவுகளுக்கு நடுவில், என் கையால் சுட்டதைப் பார்த்துவிட்டும் எண்ணெயைத்தானே தேடினாய். செத்தும் நீ திருந்தவில்லை.

சாப்பாட்டுக்கு இருந்தபோது அக்கா உன் மனுசிக்குப் பரிமாற வந்தா. எண்ணெயில் பொரிந்த வடை இரண்டைச் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டக் கொண்டுபோனா. உன் மனுசி கையால் கோப்பையை மூடினாள்.

"எனக்கு வேண்டாம் மச்சாள். அண்ணை சுட்டதே போதும்."

"ஏன் பிள்ளை? அவனுக்கு விருப்பமான சாமானெல்லோ."

"அவர் தன்ர பங்கைத் திண்டிட்டார்" என்றாள். "நான் இருக்கப் போறன்."

நான் தட்டத்தை நீட்டினேன். அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மொறு என்று கேட்டது. இன்னொன்றும் எடுத்தாள்.

இன்று காலை அவள் வேலியால் கத்தரிக்காய் நீட்டி, "அண்ணை, உப்பைப் பார்த்துப் போடுங்கோ" என்றாள். அதற்காகத்தான் பெட்டியைச் சூடாக்கினேன். எழுதி முடித்ததும் கத்தரிக்காயைச் சுட வேண்டும்.

உன் மேல் உள்ள கோபம் ஆறிவிட்டதென்று நினைக்காதே. அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுதான் சமைக்கப் படித்தேன், அதைக் கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். நீ இருந்திருந்தால் என் கடலை வடையைக் கடித்துவிட்டு ஆயிரம் குறை சொல்லியிருப்பாய். அந்தக் குறையைச் சொல்வதற்காவது இருந்திருக்கலாமேயடா.