ஒத்தக் கண்ணால பாருங்க

அத்தைக்கு வணக்கம். மாமாவுக்கு மூச்சிரைப்பு குறைஞ்சுதா?

இங்க நான் நல்லா இருக்கேன். பட்டறையில ஒரு சின்னக் கைகலப்பு, அவ்வளவுதான். பக்கத்து மிஷின்காரன் சிரிச்சுக்கிட்டே, "பொண்டாட்டிய முழுங்கிட்டு வந்தவன்தானடா நீ?"ன்னான். கோபம்கூட வரல, கைதான் முந்திக்கிச்சு. ஸ்பேனரால அடிச்சதுல அவன் பல்லு ரெண்டு தரையில கிடந்துச்சு. அவன் விட்ட குத்துல என் இடது கண்ணுக்குக் கட்டு. பயப்படாதீங்க, பார்வை போகல.

ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தா, போட்டோ தட்டைன்னு கண்டுபிடிச்சிடும். ஒத்தக் கண்ணுக்கு அது தெரியாது. சுவத்துல மாட்டியிருக்குற போட்டோவுல உங்க பொண்ணுக்குப் பின்னால ரோடு சிறுத்துக்கிட்டே தூரமாப் போகுது. அவ சுவரை விட்டு முன்னால வந்து நிக்கிறா.

மாடிப்படியில அவ நிழல் விழுற போட்டோவையும் அனுப்புங்க. அதுக்கு முன்னால நீங்களும் ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க, அத்தை. ஷிப்ட் மணி அடிக்குது.

என்னைக்கும் உங்க மாப்பிள்ளை