ஏழு பெண்கள் கொண்டுவந்த ஆரா

ஆகஸ்ட் 19

ராஜினாமாக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. இருபத்திரண்டு வருட அரசு வேலை, அரைப்பக்கத்தில் முடிந்தது.

மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கர்ச்சுங், அரசியலுக்குப் போறவனுக்கு இந்தக் கதவு திரும்பத் திறக்காது. தெரியும்ல?" தெரியும். அந்த விதியை எத்தனை பேருக்கு நானே படித்துக் காட்டியிருக்கிறேன்!

வீட்டில் பெல்டன் சண்டை போடவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் சண்டை போடாதது இதுதான் முதல் தடவை. எனக்கு அதுதான் பயம்.

செப்டம்பர் 2

திம்பு குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். "மகாராணி மாதிரி வெச்சுக்கிறேன்னு பாரோவிலேர்ந்து கூட்டிட்டு வந்தீங்க. இப்ப மூட்டை கட்டுன்றீங்க" என்றாள். அப்பாடா, பேசிவிட்டாள்.

எதற்காக விட்டேன்? என் சொந்த ஊர் யாங்கருக்கு ஒரு தண்ணீர்க் குழாய் போக ஆறு வருஷமாக என் மேஜை வழியாகவே ஃபைல் நடந்தது, போய்ச் சேரவில்லை. சட்டம் செய்கிற இடத்தில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அது மட்டும்தானா? உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பது பழகிப்போய், அது இன்னும் பெரிதாக வேண்டும் என்று தோன்றியதா? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

டிசம்பர் 8

முதல் சுற்றில் முதலிரண்டு இடம் பிடிக்கும் கட்சிகளுக்குத்தான் அடுத்த சுற்று; எங்கள் கட்சி தேறிவிட்டது. இனி தொகுதியில் இரண்டே பேர்: நானும் நிதுப்பும்.

அந்த நிதுப்! ரோடு காண்டிராக்டர். போன தேர்தலில் அவன் வேட்பாளர், நான் தேர்தல் அதிகாரி. ஊர் வழக்கப்படி பெண்கள் வீட்டில் காய்ச்சிய சாராயம், ஆரா, கொண்டுவந்து பாடினார்கள், இவன் தட்டில் நோட்டு வைத்தான். லஞ்சம் என்று அபராதம் போட்டேன். தோற்றுப்போனான். விதி விதிதானே. சரியாகத்தான் செய்தேன்.

செய்தேனா?

டிசம்பர் 14

யாங்கர். ஓட்டுக் கேட்க பெல்டனோடு வந்தேன். காலையிலேயே ஏழு பெண்கள் வந்துவிட்டார்கள், ஆளுக்கொரு போத்தல் ஆரா. வெண்ணெயில் முட்டையைப் பொரித்துப் போட்டுச் சுடச்சுட ஊற்றினார்கள். முன்னால் நின்றது சோமோ, வாய்க்காரி. பாட்டு ஆரம்பமாயிற்று.

அதிகாரியாக வந்த நாளெல்லாம் எனக்கு யோசனையே வந்ததில்லை. குடிப்பேன், கோ அங்கியின் மடியில் கையை விடுவேன், கிடைத்த நோட்டைத் தட்டில் வைப்பேன். விருந்தாளி வைத்த பிறகுதான் கடைசி அடியைப் பாடுவார்கள், நல்லபடி போய்வா என்கிற அடி. இன்றும் கை தானாக மடிக்குள் போய்விட்டது. விரலில் நோட்டுகூடத் தட்டுப்பட்டது. வைத்தால் லஞ்சம். வைக்காவிட்டால் அவமானம்.

பாட்டு நின்றது. ஏழு பேரும் என் கையையே பார்த்தார்கள்.

"என்ன தாஷோ, கை உள்ளேயே தூங்கிடுச்சா?" என்றாள் சோமோ, பெரிய அதிகாரிகளைக் கூப்பிடும் அதே மரியாதைச் சொல்லில்.

எல்லோரும் சிரித்தார்கள். வெறுங்கையை வெளியே எடுத்து, தேர்தல் விதியை விளக்கினேன். ஐயோ, பிரிவு எண்ணோடு விளக்கினேன்! "சரிங்க தாஷோ, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போத்தல்களை மூடினார்கள். கடைசி அடியைப் பாடவில்லை.

போன வாரம் நிதுப்பும் தரவில்லையாம். "குடுத்தா தாஷோ பிடிச்சுருவாரு, காப்பாத்துங்கம்மா" என்று காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டானாம். அவனுக்கு முழுப்பாட்டும் பாடியிருக்கிறார்கள். அது எப்படி அவனுக்கு வருகிறது?

டிசம்பர் 15

பெல்டன் கொடுத்திருக்கிறாள்.

நேற்று நான் ஜீப்பில் ஏறியதும் அடுப்படிப் பக்கமாகப் போய், சோமோ கையில் ஏழு நோட்டு. "அந்தப் பொம்பளைங்க முகத்தை என்னால பார்க்க முடியல. எங்க ஊர்ல இப்படிக் குடிச்சிட்டு எழுந்து போனா நாய்கூட மதிக்காது" என்கிறாள்.

"என் வேட்புமனுவே ரத்தாகும்டி!"

"ஆகட்டும்."

கத்தினேன். பிறகு கத்தியது யாரை என்று புரியவில்லை.

டிசம்பர் 16

யாருக்கும் தெரியாது. யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே, சனியன்.

டிசம்பர் 18

எழுதிக் கொடுத்துவிட்டேன். என் தரப்பிலிருந்து விதிமீறல், நடவடிக்கை எடுக்கவும் என்று. தேர்தல் அதிகாரி ரப்தென், என்னிடம் வேலை பழகியவன். இரண்டு தடவை படித்தான். "சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

வீடு கிடையாது, வேலை கிடையாது, இப்போது இதுவும் போகப்போகிறது. பெல்டனிடம் சொன்னேன். "நிதுப்புக்குச் செஞ்சதை உங்களுக்கும் செஞ்சாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்" என்றாள். திட்டினாளா, புகழ்ந்தாளா?

டிசம்பர் 27

இதை யாரிடம் சொல்ல?

விசாரணைக்கு ஏழு பெண்களும் மலையிறங்கி, மாவட்ட அலுவலகம் இருக்கும் கோட்டைக்கு வந்திருக்கிறார்கள். மூன்று மணி நேர நடை. தனித்தனியாகக் கேட்டும் ஏழு பேரும் ஒரே பதில்: யாரும் எதுவும் தரவில்லை. சோமோவின் வாக்குமூலத்தை ரப்தென் படித்துக் காட்டினான். "வந்தாரு, குடிச்சாரு, வாயைத் துடைச்சாரு, போனாரு. இவராவது குடுக்கிறதாவது!"

புகார் தள்ளுபடி.

"சார், தன் மேலயே பொய்ப்புகார் குடுத்தா அதுக்கு என்ன பிரிவுன்னு தேடிட்டு இருக்கேன்" என்றான் ரப்தென். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை சொன்ன நான் பொய்யன். பொய் சொன்னவர்கள் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அப்படியென்றால் ஓட்டும் எனக்குத்தானே? நினைக்கக்கூடாது என்று நினைத்தபடியே நாள் முழுக்க நினைத்தேன்.

ஜனவரி 12

தோற்றுவிட்டேன். யாங்கர் சாவடியில் மட்டும்: நிதுப் 203, நான் 41.

என் சொந்த ஊர்.

ஜனவரி 13

"வணக்கம், தாஷோ" என்று நிதுப் போன் செய்தான். "என்னைக் கிண்டல் பண்ணத்தானே?" என்றேன். "இல்ல. புகார் விஷயம் கேள்விப்பட்டேன். அன்னிக்கு நீங்க எனக்கு அபராதம் போட்டது பகைன்னே இத்தனை நாளா நினைச்சிருந்தேன்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 3

யாங்கரில்தான் இருக்கிறோம், தங்கை யூடன் வீட்டில். வேறெங்கே போவது?

இன்று அந்த ஏழு பேரும் ஆராவோடு வந்தார்கள். தோற்றவனுக்கு என்ன வரவேற்பு? கேட்டேவிட்டேன்: "எனக்காகப் பொய் சொன்னீங்க. ஓட்டு மட்டும் ஏன் போடல?"

"உங்களுக்காக யாரு சொன்னா? பெல்டனுக்காகச் சொன்னோம்" என்றாள் சோமோ. "நீங்க ஒரு காகிதத்துல எழுதிட்டீங்க. நடந்தது யாரு? முட்டி வலிக்க நாங்க." பிறகு என் கிண்ணத்தை நிரப்பினாள். "ஓட்டு வேற, இது வேற. குடிங்க, அதா."

அதா. அண்ணன் என்று. இந்த ஊரில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம்! கண் கலங்கிவிட்டது, ஆரா காரம் என்று சமாளித்தேன். மடியில் கைவிட்டு இருந்ததை எடுத்துத் தட்டில் வைத்தேன். கடைசி அடியைப் பாடினார்கள். பெல்டனும் கூடப் பாடினாள், எப்போது கற்றுக்கொண்டாளோ.

போகும்போது சோமோ ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "தண்ணிக் குழாய் இன்னும் வரல. ஆபீஸ் பாஷை உங்களுக்குத்தான் தெரியும். எழுதிக் குடுங்க."

எழுதினேன். எந்த மேஜையில் ஃபைல் தூங்கும் என்று தெரியும், அதனால் அந்த மேஜைக்கே எழுதினேன். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே பதவி எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஏதாவது ஒன்று இருந்தது.

கர்ச்சுங், யாங்கர் கிராமம் என்று எழுதிக் கொடுத்தேன்.