மிஷெலினுக்கு நான் சொல்லிக்கொடுத்தது

1991 ஜூன் 3, திங்கள். காத்ர் போர்ன்.

தோசையைக் கருகவிட்டேன். மனசு அடுப்படியிலேயே இல்லை. மாஜிஸ்திரேட் ஒத்துக்கொண்டுவிட்டார். கோர்ட்டுக்கு வரும் குழந்தையோடு எங்களில் ஒருவர் பழகி, அது எப்படி இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லலாமாம். முதலில் ஒரே ஒரு வழக்கு. அது சொதப்பினால் அதோடு சரி.

"எங்களில்" என்றால் இரண்டே பேர். ரிட்டயர்டு நர்ஸ் யொலாந்த். கும்பகோணத்திலும் வாத்தியாராக இருந்து, இந்தத் தீவுக்கு வந்து ஆறு வருஷமாகத் தமிழ் வகுப்பு எடுக்கும் நான். வீட்டுக்காரர் சிரிக்கிறார். "ஊர் வம்பு போதாதுன்னு தீவு வம்பும் வேணுமா கனகம்?" இவருக்கு எல்லாமே கிண்டல்.

ஜூன் 6, வியாழன்

பிள்ளை பெயர் மிஷெலின். எட்டு வயசு, சேன் பியேரில் வீடு. அம்மா ஸ்வெட்டர் ஃபாக்டரியில் ஓவர்டைம். வீட்டில் இருப்பது மாற்றாந்தகப்பன் ஆல்பெர். இடது கையில் மாவுக்கட்டு. படியில் விழுந்தாள் என்கிறான். ட்ரியோலேவில் இருக்கும் சித்தி ஜோசெட், பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்கிறாள். பிள்ளை சொல்வதைக் கோர்ட் நம்பாவிட்டால் இவள் கடைசிவரை ஆல்பெரோடுதான்.

பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். தீவுப் பேச்சான கிரியோலில் கொட்டுகிறாள், தலையும் இல்லை வாலும் இல்லை. பூனைக்குட்டி, ரேடியோ, பெல்ட், மறுபடி பூனைக்குட்டி. இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஜூன் 11, செவ்வாய்

நாலாவது தடவை. கோயில் போட்டிக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பேனே, அதே மாதிரி அவளை நிற்கவைத்து – முதலில் இது, அப்புறம் இது, நிமிர்ந்து நில், சத்தமாகச் சொல். பூனைக்குட்டியை எடுத்துவிட்டேன். தடங்கலே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஜூன் 13, வியாழன்

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

கோர்ட்டில் மிஷெலின் காலைச் சேர்த்துவைத்து, தாடையைத் தூக்கி, ஒரே மூச்சில் ஒப்பித்தாள். நடுவில் மறந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் – மடச்சி – உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தேன். பதினஞ்சு வருஷ வாத்தியார் பழக்கம்! ஆல்பெரின் வக்கீல் பார்த்துவிட்டார்.

"யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"மதாம் கனகம்." பாவம், பெருமையாகச் சொன்னாள்.

இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். அதுவரை அவன் வீடுதான். ஆல்பெர் கையைப் பிடித்து இழுத்துப்போகும்போது திரும்பிக் கேட்டாள்: "நல்லா சொன்னேனா மதாம்?"

ஜூன் 14

சோறு இறங்கவில்லை. இப்போது அவளை என்ன செய்துகொண்டிருப்பான்?

ஜூன் 17, திங்கள்

யொலாந்த் சத்தம் போட்டாள். "நீ வீட்ல இரு. இனிமே பள்ளிக்கூடத்துக்கு நான் போறேன். வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பேசினா கேப்பேன், அவ்வளவுதான்."

ஜூன் 20

போனில் யொலாந்த்: "கை, கால், முதுகு பார்த்தேன். இன்னிக்குப் புதுசா ஒண்ணுமில்ல."

ஜூன் 21

இன்றைக்குப் போன் வரவில்லை. மூன்று தடவை நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாரியம்மா, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.

ஜூன் 22

லைன் கோளாறாம். பிள்ளை நன்றாக இருக்கிறாள். நான்தான் செத்துப் பிழைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

கோர்ட்டில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். வரிசைப்படுத்தியது நான், நடந்தது அவளுக்கு. என் தப்புக்கு அவளைத் தண்டிக்காதீர்கள் என்றேன்.

மாஜிஸ்திரேட் மிஷெலினைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் போனார், கூட யொலாந்த் மட்டும். முக்கால் மணி நேரம். வெளியே வந்ததும் ஆல்பெரிடம் ஒரே கேள்வி: "அந்தப் பூனைக்குட்டி என்ன ஆச்சு?"

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "அந்தச் சனியன் ரேடியோவைத் தள்ளி உடைச்சுது, இவ அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னா, அதனாலதான்–" என்று ஆரம்பித்து நிறுத்தினான். அவன் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் வெட்டிப்போட்ட பூனைக்குட்டி!

பிள்ளை இனி சித்தியிடம் என்று தீர்ப்பு. என்னைப் பார்த்து மாஜிஸ்திரேட், "உங்கள் குழு தொடரட்டும். குழந்தைகளிடம் அந்த நர்ஸ் அம்மா போகட்டும், நீங்கள் வேண்டாம்" என்றார். வலித்தது. நியாயம்தான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஆகஸ்ட் 17, சனி

காலையில் எங்கள் குழுவில் புதிதாக ஒன்பது பேர் சேர வந்தார்கள். அவர்களிடம் பூனைக்குட்டி விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன்.

சந்தையில் ஜோசெட்டோடு மிஷெலின். கட்டுப் பிரித்தாயிற்று. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்: ஒரு ஆடு, பஸ்ஸில் ஒரு தாத்தா, சித்தி வீட்டுக் குழாய், மறுபடி ஆடு. எது முன்னே எது பின்னே ஒன்றும் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முடித்துவிட்டு, நல்லா சொன்னேனா என்று அவள் கேட்கவில்லை. அடுத்த கதைக்குப் போய்விட்டாள்.