மலைக்குக் கொண்டுபோகாத தார்ப்பாய்

சித்தப்பா,

இன்று காலை உப்புக் குவியலை மூடுவதா வேண்டாமா என்று அப்பா தயங்கி நின்றார். பாதி விரித்த நீலத் தார்ப்பாயிலிருந்து வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாடை வந்தது. நாம் மலைக்குக் கொண்டுபோகாமல் விட்டது இந்தத் தார்ப்பாயைத்தான்.

மலைப்பயணம் என் பிடிவாதம். குடும்பமாக மூட்டை சுமந்து மலையில் நடந்தவர்களைப் பற்றி நூலகப் புத்தகம் ஒன்றில் படித்துவிட்டு உங்களை நச்சரித்தேன். பொங்கல் விடுமுறை, உப்பளத்தில் வேலை தொடங்கவில்லை. ஜவ்வாது மலையில் மூன்று நாள் ஊர் ஊராக நடப்பது என்று முடிவானது. தம்பிக்கு அப்போது எட்டு மாதம். கிளம்பும் காலையில் அம்மா தார்ப்பாயை மடித்து வைத்தார். நீங்கள் வாசலில் நின்று காற்றுக்குக் கன்னத்தைக் காட்டினீர்கள்.

"காத்து மேக்கால இருந்து வருது அண்ணி. நாலு நாளைக்கு மழை இல்ல. இத எதுக்கு வீணா தூக்கிக்கினு?"

அம்மா அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். மழை வரும் என்று நீங்கள் சொன்னால்தான் உப்பளத்தில் எல்லோரும் குவியலை மூடுவார்கள், ஒருமுறைகூடத் தவறியதில்லை. நம் கடற்கரைக் காற்றை நம்பி மலைக்குப் போகக் கூடாது என்று, அவ்வளவு படிக்கிற எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் மதியம், இரண்டு ஊர்களுக்கு நடுவே மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாறை இடுக்கில் ஒண்டினோம். சாரல் உள்ளேயும் அடித்தது.

"உன் மேக்காத்து எங்கடா போச்சு?" என்றார் அப்பா.

தம்பி அழுதான். பிறகு அழுவதை நிறுத்தினான். அதுதான் பயமாக இருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"ஏன் அழ மாட்டேங்குறான்? யாராவது பாருங்களேன்" என்று அம்மா அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் உங்கள் சட்டையைக் கழற்றினீர்கள். அவனுடைய ஈரத்துணியையும் உருவிவிட்டு, வெறும் மார்போடு அவனை அணைத்து, பையின் அடியில் காய்ந்திருந்த ஒரே துண்டைப் போர்த்தி, மழைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தீர்கள்.

"பாப்பா, இவன் மூச்ச எண்ணிக்கினே இரு. நிறுத்தாத."

எண்ணினேன். நூறு தாண்டி, இருநூறு தாண்டி, வரிசை தவறி, மறுபடி ஒன்றிலிருந்து. உங்கள் பற்கள் கிடுகிடுத்தன. திடீரென்று குனிந்து பார்த்தீர்கள்.

"அண்ணி, என் மேலேயே ஒண்ணுக்குப் போயிட்டான். நல்லா சூடா இருக்குது."

அம்மா சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் தம்பி வீறிட்டு அழுதான்.

மழை விட்டு நடக்கையில் என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "எனக்கு இந்த ஊரு காத்து தெரியாது பாப்பா. தெரியலன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

போன ஆடியில் நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, யாரும் சொல்லாமலே உங்கள் மூச்சை எண்ணினேன். அது நின்ற பிறகும் என் எண்ணிக்கை கொஞ்ச தூரம் ஓடிவிட்டது. தம்பிக்கு இப்போது மூன்று வயது. அவன் தூங்கும்போதும் எண்ணுகிறேன். "அவன் நல்லாத்தான் இருக்கான், போயி படிடி" என்று அம்மா விரட்டுகிறார்.

இன்று அப்பா என்னைத்தான் கேட்டார்: "சித்தப்பா கூடவே சுத்துவியே, காத்து எப்படி இருக்குது?"

கன்னத்தைத் திருப்பிப் பார்த்தேன். மேற்கிலிருந்துதான் வந்தது.

"தெரியலப்பா. மூடிடலாம்" என்றேன். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான்.