மூன்றாவது தாழ்ப்பாள்

அன்பு மகளுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் என் முழங்காலும் கீழ்வீட்டுச் சித்தப்பாவும் அவரவர் தகுதிக்கேற்ற சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உங்களைத்தான் முதலில் சொல்கிறேன், முழங்காலை இரண்டாவதாகத்தான் சொல்கிறேன். நிற்க. நம் வீட்டு வரலாற்றில் இடம்பெறத்தக்க தீர்மானம் ஒன்று சென்ற செவ்வாய்க்கிழமை மாலை நிறைவேறியது. வாசல் கதவின் மூன்றாவது தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது என்று நான் முன்மொழிந்தேன், நானே வழிமொழிந்தேன், வீட்டில் வேறு ஆள் இல்லாததால் ஒருமனதாக நிறைவேறியது. திருப்புளி சித்தப்பாவிடமிருந்து வந்தது. எதற்கு என்று சொல்லியிருந்தால் வந்திருக்காது.

உனக்கு ஞாபகம் இருக்கும், முதல் தாழ்ப்பாள் கதவோடு கூடப் பிறந்தது. இரண்டாவது, உன் அப்பா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த மாதத்தில் நான் போடச் சொன்னது. மூன்றாவது, நீ விமானம் ஏறிய வாரத்தில் சித்தப்பா ஏதோ செய்தியைக் கேட்டுவிட்டு, "அண்ணி, தனியா இருக்கீங்க, காலம் கெட்டுக் கிடக்கு" என்று அவரே வாங்கிவந்து அவரே அடித்தது. இத்தனை நாளில் அது தடுத்து நிறுத்தியவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். சிலிண்டர் போடுகிறவர், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர், என் காய்ச்சலுக்கு ஜெபிக்க வந்த நம் சபைப் போதகர், ஒரு மழைநாளில் நான். அன்று அது ஊறி இறுகிக்கொண்டு வர மாட்டேன் என்றது, உள்ளேயிருந்து நான் இழுக்கிறேன், வெளியேயிருந்து சித்தப்பா "தூக்கி இழுங்க அண்ணி, தூக்கி இழுங்க" என்று கதவுக்கு உபதேசம் செய்கிறார், தெருவே கூடிவிட்டது. திருடன் எவனும் வந்ததாகத் தகவல் இல்லை. வந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் போயிருப்பான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நேற்று போனில் நீ, "அம்மா, நமக்கு எதுக்கு வம்பு, அந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரேன்" என்றாயே, அதற்கு இதுதான் பதில். போனிலேயே சொல்லியிருப்பேன். லைன் விட்டு விட்டு வந்தது, பேச்சு பாதிதான் வந்தது, உன் அழுகை மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது. அழுகிற பிள்ளையிடம் வாதாட எனக்கு வராது, எழுதினால் வரும். சித்தப்பா உன்னிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சொன்னால் எறும்பு கடித்ததுகூட அறுவைச் சிகிச்சை வரை போகும், அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தையல் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர் என்பதும், எங்கள் மாடிக்கு இரண்டு படிக்கட்டு என்பதும் உனக்குத் தெரியும். முன்படி ஆபீஸ் வாசலில் இறங்கும், பின்படி அவசரத்துக்கு. அந்தப் பின்படிக் கதவைத்தான் மேனேஜர் பூட்டிவைத்திருந்தார். ஏன் என்றால், முன்பு ஒரு கட்டுக் காலர் காணாமல் போனது. வெறும் காலர், சட்டை கிடையாது. சட்டையில்லாத காலரைத் திருடிக்கொண்டு போய் ஒருத்தி என்ன செய்வாள், கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பாளா என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளே பூட்டு வந்துவிட்டது. அடுத்த வாரம் அந்தக் காலர் கட்டு வேறொரு ஆர்டரின் சட்டைக்கைக் கட்டுகளுக்கு அடியில் கிடைத்தது, டோக்கனைக் கட்டுகிறவர் மாற்றிக் கட்டியிருக்கிறார். பூட்டு வந்த காரணம் திரும்பி வந்துவிட்டது, பூட்டு மட்டும் போகவில்லை. சாவி மேனேஜரின் இடுப்பில், அவர் நடந்தால் கிலுகிலு என்று சத்தம் கேட்கும், அதனால் பெண்கள் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மத்தியானம் சாவிக்கொத்து வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது எங்கள் அவசர வழியும் அவரோடு சாப்பிடப் போய்விடும்.

எங்கள் சட்டைகளை வாங்குகிற பையர் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிற அன்று மட்டும் ஒரு சடங்கு உண்டு. காலையிலேயே பூட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, பக்கத்தில் ஒரு பூந்தொட்டியை வைப்பார்கள். பச்சைப்பசேல் என்று இருக்கும், ஆபீஸ் அறையில் ஜன்னல் ஓரமாக வளர்க்கிறார்கள். ஆடிட் ஆட்கள் கார் ஏறியதும் தொட்டி ஆபீசுக்கும் பூட்டு கதவுக்கும் போய்விடும். இடையில் யாராவது கேட்டால், "எப்பவும் திறந்துதாங்க இருக்கும்" என்று சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டிய ஆள் சூப்பர்வைசர். அதாவது நான். இதற்கு முந்தின ஆடிட் வரைக்கும் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. அது கர்த்தர் என்மேல் வைத்த இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தவணை கொடுத்திருக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது.

போன மாதம் மத்தியானம் அயர்ன் மேசையின் துணி கருகிப் புகை கிளம்பியது. நெருப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் புகைக்கு அது தெரியாதே, அது பாட்டுக்கு மாடி முழுக்கப் பரவியது. எல்லாரும் பின்படிக்கு ஓடினார்கள், பூட்டு. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் பூட்டியிருப்பது தெரியவில்லை, தள்ளினார்கள். நூல் பிசிர் வெட்டுகிற பெண் ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணி, கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு "அக்கா, அக்கா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். நான் அவள் முன்னால் நின்று கதவில் கையை ஊன்றிக்கொண்டு முதுகால் கூட்டத்தைத் தாங்கினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதற்குள் அயர்ன்காரர் வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட்டார். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். சாவிக்கொத்து சாப்பிட்டு முடித்து ஏப்பத்தோடு வந்து, "ஒண்ணும் ஆகலையே?" என்றார். ஆகவில்லை என்றதும், "அப்புறம் என்ன, லைன்ல உட்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். அது என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது மகளே, பூட்டியதுகூட அல்ல, உட்கார்ந்தது.

அன்றிலிருந்து ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்று கேட்காதே, சரி, சொல்கிறேன். "ஆண்டவரே, கட்டிங் மாஸ்டருக்குத் தைரியத்தைக் கொடுத்தருளும்" என்று ஜெபித்தேன். அவர் ஆண்பிள்ளை, சீனியர், குரலும் பெரிசு, கர்த்தருக்கு வேலை சுலபம் என்று எனக்குப் பட்டது. ஒரு நாள் டீ குடிக்கும்போது அவர் மெல்ல, "சிஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன், உங்களுக்காகத்தான் நான் தினம் ஜெபிக்கிறேன்" என்றார். ஆக, எங்கள் இருவர் ஜெபமும் பரலோகத்தில் எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில் சீஷர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். கதவு பூட்டியபடியே இருக்க ஆண்டவர் உள்ளே வந்து நின்றார், திட்டவில்லை, சமாதானம் சொன்னார் என்றார். சபையில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நான் மட்டும் எங்கள் பின்படியை நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்டிய கதவு வழியாக வந்து போகிற வசதி ஆண்டவருக்கு உண்டு, பிசிர் வெட்டுகிற பெண்ணுக்குக் கிடையாது. வீட்டுக்கு வந்து மிச்சத்தையும் வாசித்தேன். சீஷர்களில் அந்த மீனவத் தலைவர், ஆண்டவருக்காகக் கத்தியை உருவியவர், தண்ணீரில் இறங்கி நடந்தவர், அவரே ஒரு ராத்திரி குளிர் காய்கிற இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்குப் பயந்து ஆண்டவரையே தெரியாது என்றார். அவர்மேல்தான் பிறகு ஆண்டவர் மொத்தப் பொறுப்பையும் வைத்தார். இதைவிட ஆறுதலான செய்தி எனக்கு வேண்டுமா? பயந்தவர்களை அவர் தள்ளுவதில்லை. ஆனால் பயத்தோடு அங்கேயே உட்கார்ந்திருக்கவும் விடுவதில்லை, அதையும் பார்த்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை ஆடிட். பூந்தொட்டி வந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கையில் எழுதுகிற அட்டையோடு வந்து, நேராகக் கதவருகே நின்று, "இது எப்பவும் திறந்திருக்குமா?" என்று என்னையே கேட்டார். சாவிக்கொத்து என் பக்கத்தில், அவர் சாவி அன்றைக்குச் சத்தம் போடவில்லை, பையில் கைவிட்டு இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்குக் கால் நடுங்கியது, இந்த முழங்கால் என்னைக் கேட்காமலே நடுங்கியது. தைரியம் வந்தால் நடுக்கம் போய்விடும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள், யாரும் பரிசோதித்துப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு நடுக்கத்தோடுதான் வாய் திறந்தது. "இல்லீங்கம்மா, இந்தத் தொட்டி வர்ற அன்னைக்கு மட்டும்தான் திறந்திருக்கும், நீங்க போனதும் தொட்டியும் போயிடும், பூட்டும் வந்துடும், போன மாசம் புகை வந்தப்போ பூட்டித்தான் இருந்துச்சு" என்றேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தைரியம் அதற்குப் பிறகுதான் வந்தது, கல்யாணம் முடிந்து பந்தி நேரத்துக்கு வந்து சேருகிற சொந்தக்காரர் மாதிரி. ஆனால் வந்தது, மகளே, வந்து உட்கார்ந்துகொண்டது, இன்னும் கிளம்பவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தி, முதல் தாழ்ப்பாள், இரண்டாவது தாழ்ப்பாள் போட்டு, மூன்றாவதில் கை வைத்தேன். அங்கே கதவைத் திறக்கச் சொன்னவள் இங்கே இதைப் போடுகிறாளே என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பாவிடம் திருப்புளி கேட்டது அப்போதுதான்.

புதன்கிழமை என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். டைப் அடித்த தாள் ஒன்று. அன்று எனக்குத் தலைசுற்றல் இருந்தது, அதனால் தவறாகச் சொல்லிவிட்டேன், பின்படிக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்று நான் சொல்வதாக அதில் இருந்தது. சாவிக்கொத்து கோபப்படவில்லை, "உங்க நல்லதுக்குத்தாம்மா, திங்கட்கிழமை கையெழுத்தோட வாங்க, இல்லைன்னா வரவேண்டாம்" என்றார், பிறகு, "யாரும்மா உங்களைத் தூண்டிவிட்டது?" என்று கேட்டார். ஜெபம் என்றேன். அது எந்தச் சங்கம் என்று கேட்டார். சித்தப்பா அன்றிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறார், "அண்ணி, பேப்பர்தானே, பேப்பர் என்ன பண்ணும்" என்கிறார். உனக்குச் சொல்கிறேன் பேப்பர் என்ன பண்ணும் என்று. அடுத்த முறை புகை வரும்போது கதவு பூட்டியிருக்கும், அது திறந்திருந்தது என்று என் கையெழுத்து சாட்சி சொல்லும். அந்தப் பெண் "அக்கா" என்று கூப்பிட்டதற்குப் பதிலாக என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வர முடியாது. எனக்குத் தலைசுற்றல் எதுவும் இல்லை, செவ்வாய்க்கிழமை அளவுக்கு என் தலை நேராக நின்றது எனக்கு நினைவே இல்லை.

ஆகவே நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. வேலை போனால் என்ன சாப்பிடுவாய் என்று கேட்பாய். அதையும் ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன், இம்முறை கட்டிங் மாஸ்டரை இழுக்காமல் என் பேரிலேயே சொல்லியிருக்கிறேன். நீ பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, பயத்தோடு வருகிற பணம் எனக்கு வேண்டாம், சிரித்துக்கொண்டு அனுப்புவதானால் யோசிக்கலாம். உன் ஆபீசில் நீ செய்த வேலையை அந்தச் சீனியர் தன் வேலையாகக் காட்டும்போது நீ தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். குடி, தண்ணீர் உடம்புக்கு நல்லது, குடித்து முடித்ததும் வாயைத் திற. குரல் நடுங்கும், நடுங்கட்டும், நம் குடும்பத்தில் அது சாதாரணம். இங்கே நான் தனியாக இருக்கிறேன் என்று அழாதே, கதவு இப்போது சுலபமாகத் திறக்கிறது, போதகர்கூட ஒரே தட்டில் உள்ளே வந்துவிட்டார்.

உன்னையும் மாப்பிள்ளையையும் ஆண்டவர் தம் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும். போவதும் வருவதும் அவர் பார்வையில் இருக்கட்டும். ராத்திரி காதை மூடித் தூங்கு, ஜலதோஷம் பிடிக்கும். குடியிருக்கிற கட்டடத்தில் அவசர வழி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல், மறந்துவிடாதே.

என்றும் உன் ஜெபத்தை நம்பியிருக்கும்,
அம்மா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை வந்து போய்விட்டது. தாளைக் கையெழுத்தில்லாமல் மேசைமேல் வைத்தேன். கட்டிங் மாஸ்டர் மெஷினைப் போடாமல் எழுந்து போய்ப் பின்படிப் பூட்டைத் தாழோடு கழற்றி அந்தத் தாளின்மேல் வைத்தார். பெண்கள் பூந்தொட்டியை என் கையில் கொடுத்தனுப்பினார்கள், வாசலில் வைத்திருக்கிறேன். காலை பஸ்ஸுக்கு வாங்கிய மாத பாஸ் இனி எனக்குத் தேவையில்லை, சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.