ஐப்பசியில் சொன்ன பொய்

அண்ணி,

நேற்று உங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்தேன். நீங்கள் பிடித்துப் பிடித்து வழவழத்துப்போன இடம் அப்படியே இருக்கிறது. போன வருஷம் துக்கம் என்று ஒலக்கூர் வீட்டில் பண்டிகை இல்லை. இந்தச் சித்திரையில் அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள், வந்து வீட்டைச் சுத்தம் செய்துகொடு என்று அண்ணன் கூப்பிட்டார். விழுப்புரத்தில் பஸ் ஏறும்போதே ஒட்டடைக் கம்புதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கம்பு என் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும்.

ஏழெட்டு வருஷம் முன்னால், இதேபோல் பண்டிகைக்கு முதல் நாள். பின்வாசல் துணிக்கொடியின் முனையில் குப்பை தொங்கிக்கொண்டிருந்தது. சருகு, நூல், சிலந்தி வலை, பட்டாசுக் காகிதம்கூட. அண்ணிக்கு இதுகூடக் கண்ணில் படவில்லையா என்று மனதுக்குள் உங்களை ஒரு வார்த்தை சொல்லிவிட்டே ஒரே இழுப்பாக இழுத்தேன். கீழே விழுந்து உடைந்தவை இரண்டு முட்டைகள், வேர்க்கடலைப் பருப்பு அளவு. ஒரு தேன்சிட்டு கொடிக்கும் முருங்கைக்குமாகப் பறந்து கத்தியது.

நீங்கள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தீர்கள். பத்து நாளாகத் துணியை ஏன் வேலியில் உலர்த்தினீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றேன்.

"தெரியாம பண்ணிட்ட, வுடு. அது மறுபடி வரும். கைய கழுவிக்கினு வா, கூழு இருக்குது."

திட்டியிருக்கலாம் அண்ணி.

அது வரவில்லை. ஒவ்வொரு மே லீவுக்கும் நான் வருவேன், நாம் வற்றிய ஏரிக்குள் நடப்போம். கரையில் ஈச்சங்குலை அறுத்து, உப்புத்தண்ணீர் தெளித்துச் சாக்கில் கட்டிவைப்போம். விடிந்தால் கறுத்துப் பழுத்திருக்கும். மைனாவைக் கண்டாலும் நிற்பீர்கள், மீன்கொத்தியைக் கண்டாலும் நிற்பீர்கள். வெயில் ஏறுகிறது என்று நான் முனகினால், "ஜல்தியா போயி இன்னா பண்ணப்போற?" என்பீர்கள். வீடு திரும்பியதும் என் கண் முதலில் கொடிக்குத்தான் போகும். அதைக் கவனிக்காததுபோல் இருப்பீர்கள். ஆனால் அந்த முனையில் ஒரு துண்டுகூடப் போட்டதில்லை.

பிறகு புதுச்சேரியில் ஆஸ்பத்திரிக் கட்டில். வெளியே ஐப்பசி மழை. முதல் நாள் உங்கள் வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்து வந்திருந்தேன்.

"கொடியில எதுனா வந்துச்சா?" என்று கேட்டீர்கள்.

"வந்துடுச்சுங்க அண்ணி."

"எத்தினி முட்டை?"

"ரெண்டு."

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கார்த்திகை பிறக்குமுன் போய்விட்டீர்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு பொய்யைத்தான் கொடுத்தனுப்பினேன் என்று இத்தனை நாளும் மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

நேற்று கம்போடு பின்வாசலுக்குப் போனேன். கொடி முனையில் குப்பை. சருகு, நூல், நடுவே ஓர் ஓட்டை, ஓட்டையில் வளைந்த ஒரு மூக்கு. கம்பைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பயந்து ஓடிவந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவளுக்குத் தெரியும்மா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ அந்தாண்ட போனதும் சிரிச்சா. 'இந்த மழையில எந்தத் தேன்சிட்டு முட்டை வுடும்? பாவம், எனக்கோசரம் சொல்லுது. நீ ஒண்ணும் கேட்டுக்கினு இருக்காத'ன்னு எங்கிட்ட சொன்னா."

இரண்டாவது முறையும் நீங்கள் என்னைத் திட்டவில்லை. இப்போதெல்லாம் யாரையாவது திட்ட வாயெடுத்தால் உங்கள் "தெரியாம பண்ணிட்ட, வுடு" தான் முந்திக்கொண்டு வருகிறது. பக்கத்தில் இருந்து நீங்களே அதைச் சொல்லக் கேட்கவேண்டும்போல் இருக்கிறது.

பின்வாசலில் ஒட்டடை அடிக்கவில்லை. துணியெல்லாம் வேலியில் காய்கிறது. இன்று காலை தாய்க்குருவி இரை தேடப் போன நேரம், ஸ்டூல் போட்டு ஏறி, செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன்.

ரெண்டுதான் அண்ணி.