முகம் போடாத கடைசிப் படம்

என் ஸ்ரெல்லாக் குஞ்சுக்கு,

கடைசிப் படத்தில் அந்தப் பிள்ளை சிரிக்கிறாளா, அழுகிறாளா? ஒரு கிழமையாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து சேமக்காலைக்கு வந்தபோதும் உன் கல்லறையடியில் இதையேதான் கேட்டேன். செபிக்கவில்லை.

கொழும்பிலிருந்து பதிப்பாசிரியை போன் எடுத்திருந்தார். "மிஸ், தங்கச்சியின்ர புத்தகம் அச்சுக்குப் போகவேணும். கடைசிப் பக்கத்தில மட்டும் பிள்ளைக்கு முகம் இல்லை. வேற ஓவியர் ஒராள் கண்ணும் வாயும் போட்டுத் தருவார், சின்ன வேலை. சிரிப்போ அழுகையோ எண்டு மட்டும் நீங்கள் சொல்லுங்கோ."

சின்ன வேலைதான். ஆனால் உன் படத்தில் இன்னொருவர் கை படும். சம்மதிக்க வேண்டியவள் நான். நாளை பின்னேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

நீ படம் கீறுகிற விதம் எனக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. நிறமெல்லாம் தீட்டிவிட்டு, முகங்களை மட்டும் வெறுமையாக விட்டு, தாள்களை உப்புக்குளத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாய். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டி, "இவ இப்ப என்ன நினைக்கிறா?" என்று கேட்பாய். அவர்கள் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்து கண்ணும் வாயும் போடுவாய்.

"ஏழு வயசுப் பிள்ளையளிட்டக் கேட்டே கீறுறதெண்டா, நீ என்னத்துக்கடி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுகள் பொய் சொல்லாதுகள் அக்கா. நீதான் வடிவா இருக்கெண்டு சொல்லிப்போட்டு போனைப் பாப்பாய்."

உண்மை. பார்த்திருக்கிறேன்.

நாட்டில் சண்டை முடிந்த கையோடு உனக்குக் கிடைத்த முதல் வேலை கண்ணிவெடி எச்சரிக்கைச் சுவரொட்டி. தொடாதே, கிட்டப் போகாதே. அதிலும் அந்தப் பிள்ளைக்குப் பூப்போட்ட சட்டை போட்டு, தலைக்கு ரிபனும் கட்டிவிட்டிருந்தாய். வேலை தந்த கந்தோரில் இருந்தவர், "பயப்பிடுத்தத்தானே படம், இதென்ன பெருநாள் உடுப்பு?" என்று கேட்டாராம். "இந்தப் பிள்ளைக்கு வீட்டில ஆக்கள் இருக்கினம் எண்டு தெரியவேணும் சேர்" என்றாயாம். இதை நீ சொன்னபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "ம்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனை சிறுவர் புத்தகங்கள்! என் பங்கு எல்லாம் தொலைபேசியில்தான். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் என்பதால் பறவையின் முழங்கால், நண்டின் கண் எல்லாம் என்னிடம் வரும். "அக்கா, கழுதை படுக்கேக்க முதல்ல முன்னங்காலை மடிக்குமோ, பின்னங்காலையோ?" எனக்குத் தெரியவில்லை. பள்ளி விட்டதும் பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால் அரை மணித்தியாலம் கழுதைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சைக்கிளில் போன என் மாணவிகள் இரண்டு பேர் மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். ஏன் நிற்கிறேன் என்று கேட்கவில்லை. முன்னங்கால்தான்.

அந்தக் கழுதை இந்தக் கடைசிக் கதைக்குத்தான். பேன் பிடித்ததால் மொட்டை அடிக்கப்பட்ட ஒரு சின்னப் பெண். ஊர்ப்பிள்ளைகள் எல்லோரும் பகிடி பண்ண, தெருக்கழுதை ஒன்று மட்டும் அவளோடு கூட்டுச் சேர்கிறது. மருந்து ஏற்றி உனக்கு முடி கொட்டத் தொடங்கிய மாதத்தில் எழுதிய கதை. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

கடைசிப் பக்கத்தில் கழுதை தன் கூட்டத்தோடு போகிறது. பிள்ளை வேலிப் படலையடியில் நிற்கிறாள். உருண்டைத் தலை, இரண்டு காதுகள், நடுவில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முதல் உன்னை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். வேலை அரைகுறையில் நின்றுவிட்டது என்று நாங்கள் எல்லோரும் விளங்கிக்கொண்டோம்.

நாளைக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு உன் பள்ளிக்கூடத்துக்கு நான் போகிறேன். பிள்ளைகள் சிரிப்பு என்றால் சிரிப்பு, அழுகை என்றால் அழுகை. என் புத்தியை அதற்குள் கலக்க மாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த
அக்கா

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று நடந்தது இது.

கதையை முதலிலிருந்து காட்டிக்கொண்டு போனேன். கடைசித் தாளைத் தூக்கிப் பிடித்து, உன்னைப் போலவே கேட்டேன்.

"அழுறா!" என்றது ஒரு வரிசை.

"இல்லை, சிரிக்கிறா. கழுதை அவவின்ர வேலியெல்லாம் திண்டுபோட்டுத்தானே போகுது!"

முன்வாங்கில் இருந்த பர்ஹானா என்ற பிள்ளை எழுந்து கிட்ட வந்தாள். தாளில் மூக்கு முட்டுமளவுக்குப் பார்த்தாள்.

"டீச்சர், அவ அங்கால பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறா. குதிக்காலைப் பாருங்கோ. இது பின்மண்டை."

வகுப்பே சிரித்தது. "டீச்சருக்குப் பின்மண்டை தெரியாதாம்!"

பார்த்தேன். மணலில் இரண்டு குதிக்கால்கள் எங்கள் பக்கம். சட்டையின் பொத்தான்கள் முதுகில். மற்றப் பக்கங்களில் எல்லாம் அவள் எங்களைப் பார்த்து நின்றதால், இதிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டோம். பறவைக்கு முழங்கால் எந்தப் பக்கம் என்று உனக்குச் சொன்னவள், ஒரு கிழமையாக இதைப் பார்க்கவில்லை.

விறாந்தைக்கு வந்து கொழும்புக்குப் போன் எடுத்தேன். "ஒண்டும் போடவேண்டாம். அவ முடிச்சுப்போட்டுத்தான் போயிருக்கிறா" என்றேன்.

தாள்களை எடுக்க வகுப்புக்குத் திரும்பினேன். "அடுத்த கதை எப்ப டீச்சர்?" என்றாள் பர்ஹானா.

"இனி இல்லை."

அவள் முதல் தாளைத் தேடி எடுத்து நீட்டினாள். "அப்ப இதையே திருப்பி முதல்ல இருந்து காட்டுங்கோ."

காட்டினேன்.